ஏழாவது வாக்குறுதியும் ஒரு பித்தளைக் குண்டும்

வாக்குப்பதிவுக்கு இன்னும் இருபத்தாறு நாள். கருத்துக் கணிப்பில் இரண்டு கட்சிக்கும் ஆளுக்கு நாற்பத்தொரு விழுக்காடு. மீதிப் பதினெட்டு விழுக்காட்டினர், "இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். நாட்டில் பதினெட்டு விழுக்காடு பேர் யோசிக்கிறார்கள் என்ற செய்தி அவற்றில் ஒரு கட்சியின் தலைமையகத்தைக் கதிகலங்க வைத்துவிட்டது. உடனே மாமேதைக்கு ஆள் அனுப்பினார்கள்.

மாமேதை என்றதும் ஆராய்ச்சிக்கூடம், தடித்த புத்தகம் என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். அவரிடம் இருந்தது ஒரு முழக் கறுப்பு நூல். நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. அதைக் காகிதத்துக்கு மேலே தொங்கவிடுவார். குண்டு வட்டமடித்தால் வெற்றி. முன்னும் பின்னும் ஆடினால் தோல்வி. விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் கண்ணை மூடுவதும் பெருமூச்சு விடுவதும்தான்.

மூன்றே நாளில் தலைமையக வாசலில் வரிசை. வேட்பாளர்கள் தங்கள் புகைப்படத்தோடு நின்றார்கள். ஒருவர் எதிர்வேட்பாளரின் படத்தைக் கொண்டுவந்து, "இவன் தோப்பான்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். குண்டு வட்டமடித்தது. அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். துணைத் தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. மூன்று படத்தையும் மேசையில் பரப்பினார்கள். மாமேதையை யார் அழைத்துவந்தாரோ அவர் படத்தின் மேலேயே குண்டு சுற்றியது. பித்தளைக்கு நன்றியுணர்ச்சி அதிகம்.

அடுத்தது தேர்தல் அறிக்கை. பொருளாதாரம் படித்தவர்கள் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய பதினாறு வாக்குறுதிகள். ஒவ்வொன்றையும் தனித் தாளில் அச்சடித்து மேசையில் வைத்தவள், அலுவலகத் தட்டச்சுக்காரி. எது சுற்றியது, எது ஆடியது என்று குறிப்பெடுக்கும் வேலையும் அவளுக்குத்தான்.

தலைவர் படம் போட்ட பள்ளிக்கூடப் பை: சுற்றியது. தலைநகரில் நூறடி உயரக் கொடிக்கம்பம்: பிய்த்துக்கொண்டு போவதுபோலச் சுற்றியது. ஏழாவது, எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் டயாலிசிஸ் இயந்திரம். தலைவர் கொட்டாவி விட்டார். குண்டு முன்னும் பின்னும் ஆடியது.

"தோல்வி அலை. எடுத்துடுங்க," என்றார் மாமேதை.

தட்டச்சுக்காரியின் பேனா நின்றுவிட்டது. அவளுடைய அண்ணன் லாரி ஓட்டியவர். இப்போது வாரம் மூன்று தடவை, போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் என்று பேருந்தில் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். மருத்துவர், "இந்த அலைச்சலை உடம்பு இன்னும் ஒரு வருஷம் தாங்காது" என்று சொல்லியிருந்தார். ஏழாவது வாக்குறுதியைத் தட்டச்சு செய்த அன்று அவள் ஒரு எழுத்துப்பிழைகூட விடவில்லை.

மதிய இடைவேளையில் அண்ணனே போன் செய்தார்.

"என்ன, உங்க கட்சி என் கிட்னியைத் தோக்கடிச்சிடுச்சாமே?"

"யார் சொன்னா?"

"டிவியில ஓடுது. டெபாசிட்டாவது மிஞ்சுமா?"

"விளையாடாதேண்ணா."

"நான் விளையாடலம்மா. விளையாடுறது உங்க ஆளுங்க."

அன்று பிற்பகல்தான் அது நடந்தது. அச்சு இயந்திரம் மக்கர் செய்ததில், கிராமங்களுக்குப் பேருந்து விடும் ஒன்பதாவது வாக்குறுதி இரண்டு தாளில் வந்திருந்தது. முதல் தாள் போனபோது தலைவர் புன்சிரிப்போடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், குண்டு சுற்றியது. அரைமணி கழித்து இரண்டாவது தாள் போனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தார், குண்டு ஆடியது. அவள் குறிப்பேட்டில் இரண்டும் பதிவாகின. ஒன்பதாவது ஜெயிக்கும். ஒன்பதாவது தோற்கும்.

குறிப்பேட்டைப் பொதுச்செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"குண்டு காகிதத்தைப் பாக்கல சார். மாமேதை தலைவர் மூஞ்சியைப் பாக்கிறார். கை தானா அதுக்கேத்த மாதிரி ஆடுது."

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? அது டீ நேரத்து அலை, இது டீக்கு அப்புறம் வர்ற அலை."

"பேருந்து விடுறதுக்குமா சார் அலை மாறும்?"

"போய் டைப் அடி, போ."

அவள் தட்டச்சு செய்யப் போகவில்லை. நேராகத் தலைவரிடம் போனாள். உண்மையைச் சொன்னால் தலைவர்களுக்குக் காது கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே வேறு மாதிரி சொன்னாள்.

"தலைவரே, எதிர்க்கட்சிக்காரங்க கேலி பண்றாங்க. மாமேதை எழுத்தைப் படிச்சுட்டுத்தான் ஆட்டுறாராம். வாக்குறுதியைக் கவருக்குள்ள போட்டு ஒட்டி, டிவி முன்னாடி வச்சுப் பாத்தா அவங்க வாயை அடைச்சுடலாம்."

தலைவர் முகம் மலர்ந்தது. "நேரடி ஒளிபரப்பு வச்சுடலாம்!"

மாமேதைக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது. "கவர்ல பசை இருக்கும். பசை அலையைத் தடுக்கும்..."

"போன வாரம் இரும்புப் பெட்டிக்குள்ள இருந்த எதிர்க்கட்சி அறிக்கையைப் பாத்து தோல்வின்னு சொன்னீங்களே ஐயா," என்றாள் அவள், அடக்கமாக. "இரும்பை விடவா பசை கெட்டி?"

தலைவர் சிரித்தார். மாமேதையும் சிரிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை, கட்சி மண்டபத்தில் நிற்க இடமில்லை. பத்துத் தொலைக்காட்சி. மேசையில் தட்டச்சுக்காரி ஒட்டிவைத்த பன்னிரண்டு பழுப்புக் கவர். உள்ளே என்ன என்பது தலைவருக்கும் தெரியாது. மாமேதை முதல் கவருக்கு மேலே நூலைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல ஓரக்கண்ணால் தலைவரைப் பார்த்தார். தலைவரோ குண்டு என்ன சொல்லப்போகிறது என்று மாமேதையைப் பார்த்தார். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விடை தேடினார்கள். குண்டு சற்றுக் குழம்பி, பிறகு வட்டமடித்தது.

கூட்டம் கைதட்டியது.

கடைசியில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. செய்தியாளர் ஒருவர் வெற்றிக் கவரில் ஒன்றைப் பிரித்து வாசித்தார்: "எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் டயாலிசிஸ் இயந்திரம்." தோல்விக் கவரில் ஒன்றைப் பிரித்தார்: "எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் டயாலிசிஸ் இயந்திரம்." மூன்றாவதும் அதுவே. நான்காவதும் அதுவே. ஆறாவது கவருக்கு அவர் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசை வாசித்தது. பன்னிரண்டாவதை மண்டபமே சேர்ந்து வாசித்தது.

ஆனால் மாமேதை சும்மா மாமேதை ஆகவில்லை. ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்.

"இதுல என்ன தப்பு? பன்னிரண்டு கவரும் நம்ம நாட்டோட பன்னிரண்டு மாகாணம்! அஞ்சுல ஜெயிக்கும், ஏழுல தோக்கும். அலை துல்லியமாச் சொல்லிடுச்சு."

பாதிக் கூட்டம் தலையை ஆட்டிவிட்டது. தட்டச்சுக்காரி தாள்களை அந்தந்தக் கவரில் மறுபடி போட்டாள்.

"ரொம்ப நல்லது ஐயா. ஒவ்வொரு கவருக்கும் அடியில நம்பர் போட்டிருக்கேன். எது சுத்துச்சு, எது ஆடுச்சுன்னு எழுதியும் வச்சிருக்கேன். இப்ப கலைச்சு வைக்கிறேன். அதே அஞ்சு மாகாணத்தைத் திரும்பக் காட்டிடுங்க."

மாமேதை கவர்களைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்குப் பித்தளை களைச்சுப் போயிருக்கு."

"உக்காந்து இளைப்பாறச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்குவதற்குள் மாமேதை பக்கவாட்டுக் கதவு வழியாக மறைந்துவிட்டார்.

ஒரே வாக்குறுதி, நேரடி ஒளிபரப்பில் பன்னிரண்டு தடவை. எந்தக் கட்சிக்கும் கிடைக்காத விளம்பரம். மாலைக்குள் நாடெங்கும் மக்கள், "எங்க மாவட்டத்துக்கு எப்ப?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்துப்போட்ட ஏழாவது வாக்குறுதியைத் தலைவர் மறுபடி சேர்த்து முதலாவது இடத்தில் வைத்தார். "இது என் பல்லாண்டுக் கனவு," என்று அறிவித்தார். கொட்டாவி விட்டபடி கண்ட கனவாக இருக்கும். மறுநாள் எதிர்க்கட்சியும் அதையே தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

அண்ணன் போன் செய்தார். "அப்ப யார் வந்தாலும் மெஷின் வருமா?"

"வரலைன்னா ரெண்டு பேரையும் கேக்கலாம்ணா. எழுத்துல இருக்கு."

"சரி, யாரு ஜெயிப்பா? உள்ள இருக்கிறவளாச்சே, சொல்லேன்."

"அதைத் தெரிஞ்சுக்கத்தானேண்ணா தேர்தலே நடத்துறாங்க!"

மண்டபத்து வாசலில் ஒரு பெரியவர் இன்னும் அடித்துச் சொல்கிறாராம்: "மாமேதை மேல தப்பில்ல, எல்லாக் கவர்லயும் ஒரே தாளை வச்ச அந்தப் பொண்ணு மேலதான் தப்பு." அவருக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது. அதை ஈடுகட்ட, உங்கள் ஓட்டையாவது யோசித்துப் போடுங்கள்.