பனிமலையில் ஒரு ராஜகிரிக் கட்டு

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊர் மலையைக் காட்டினாலும் "இவ்ளோதானா?" என்று கேட்டுவிடுவோம். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதே எதிரே ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிற ஊர். பள்ளிக்கூட லீவு என்றால் ராஜகிரி, சொந்தக்காரர்கள் வந்தால் ராஜகிரி, பொழுது போகவில்லை என்றாலும் ராஜகிரி. எனக்கு இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. அது குணமானபோது என் வாயில் அரைப் பல் குறைந்திருந்தது.

கல்யாணமான புதிதில், தீபாவளி முடிந்த கையோடு மணாலிக்குப் போனோம். என் கணவர் தரணேந்திரனுக்குச் சொந்த ஊர் மேல்சித்தாமூர். இரண்டு பேரும் ஜைனக் குடும்பம்தான். ஆனால் நான் மண்டிக்காரர் வீட்டுப் பெண், கொஞ்சம் அப்படி இப்படி. அவர் அப்படி இல்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கைகூட வாயில் வைத்தவர் இல்லை. எங்கள் கல்யாண வரவேற்பு அன்று, ஊரே அலங்காரம் செய்துகொண்டிருந்த நேரத்தில், மாலையும் கழுத்துமாகத் தனியாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளை அவர்.

அதனால் மணாலிக்கு எங்களோடு எலக்ட்ரிக் குக்கரும் வந்தது. மாமியார் கிளறிக் கொடுத்த புளிக்காய்ச்சலும் வந்தது. (ஏர்போர்ட்டில் அந்த ஜாடியை மோந்து பார்த்த அதிகாரியின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.)

தங்கியிருந்த விடுதிக்கு மேலே ஒரு மலை. ஏறினால் உச்சியில் ஒரு புல்வெளியும் சின்னக் கோயிலும் இருக்கின்றன என்றார்கள். சீசன் முடிந்துவிட்டது, கடைகளைக்கூட மூடிவிட்டார்கள், போவதாக இருந்தால் ஆள் துணையோடு போங்கள், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்று விடுதிக்காரர் வானத்தைக் காட்டி ஹிந்தியில் சொன்னார். என் கணவர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"வெய்யிலப் பாருங்க, நம்ம ஊரு மாரியே இருக்குது. ராஜகிரில ஏறி எறங்குனவளுக்கு இதுக்குப் போயி ஆள் துணையா?"

"அதுல படிக்கட்டு இருக்குது பத்மா. இதுல இல்ல."

"மலைன்னா எல்லாம் ஒண்ணுதாங்க. மேல போனா உச்சி, கீழ வந்தா ஊரு."

இதைவிடத் தெளிவாக ஒரு முட்டாள் பேச முடியாது.

சாப்பாடு கட்டியதும் நான்தான். ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே கோட்டைக்கு ராஜா குரங்குதான். சோற்று மூட்டையைக் கண்ணில் காட்டினால் போச்சு. ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு சட்டம். ஒன்று, உச்சிக்குப் போகும்வரை மூட்டையைத் திறக்கக் கூடாது. இரண்டு, குரங்கால் அவிழ்க்க முடியாதபடி கட்ட வேண்டும். எங்கள் நைனா, அதாவது அப்பா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர். மூட்டை கட்டுகிற முடிச்சை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். புளியோதரைத் தூக்கைத் துணியில் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, முழங்காலால் அழுத்தி ஒரு கட்டு கட்டினேன். வெளிவாசலில் நின்றுகொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"இங்க கொரங்கு இருக்குதா?"

"மலை இருந்தா கொரங்கு இருக்கும்."

பாதி மலை வரை என் ராஜ்ஜியம்தான். நான் முன்னே, அவர் பின்னே. நடுவில் அவர் பசிக்கிறது என்றார். "உச்சிக்குப் போயிதான்" என்று சட்டம் பேசினேன். அதற்கப்புறம் மேகம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கூத்தாடினேன், கத்தினேன், வாயைத் திறந்து பிடித்துத் தின்றேன். பிறகு, பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்று மார்கழி மாதத்து ஞானம் வந்து, செஞ்சி வெயிலுக்கு வாங்கிய பூப்போட்ட குடையை விரித்தேன். அடித்த காற்றில் குடை மல்லாந்து, கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு மேலே பறந்தது. அன்றைக்கு எங்கள் மூவரில் உச்சிக்குப் போனது அது ஒன்றுதான்.

திரும்பிப் பார்த்தால் வந்த பாதையைக் காணோம். எல்லாம் ஒரே வெள்ளை. "கீழ வந்தா ஊரு" என்று சொன்னவள் நான் என்பதால் நானே முன்னால் இறங்கினேன். கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கி, ஒரு புதரில் போய் நின்றேன். என்னைத் தூக்க வந்தவரும் அதே வழியில் வந்து சேர்ந்தார். கொஞ்சம் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு டீக்கடைக் கொட்டகை தெரிந்தது. கல் சுவர், மேலே தார்ப்பாய். உள்ளே போய் ஒடுங்கினோம். செல்போன் குளிரில் உயிரை விட்டிருந்தது.

அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பற்கள் தந்தியடித்தன. காலையில் தின்ற உப்புமாதான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இப்போது சாப்பிடவில்லை என்றால் மறுநாள் சூரியன் வரும்வரை இந்த மனிதர் வாயைத் திறக்க மாட்டார். இந்தக் குளிரில், வெறும் வயிற்றோடு, ஒரு ராத்திரி முழுக்க என்ன ஆவாரோ என்று நினைத்தபோதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

மூட்டையை எடுத்தேன். கயிறு நனைந்து, இறுகி, இரும்பாகியிருந்தது. விரல்களோ எனக்குச் சொந்தமானவையாகவே தெரியவில்லை. கத்தி இல்லை. முடிச்சு அசையவில்லை. நைனாவின் வித்தையை முதல் முறையாகச் சபித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வுடு பத்மா, நமக்கு நோம்பு புதுசா? இன்னிக்கி உபவாசம்னு வச்சிக்கிறேன்" என்றார். கோபித்துத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்தபடி சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆவேசத்தில் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் முன்பல்லில் பாதி, கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் மூட்டையை வாங்கினார். ஜாக்கெட்டைத் திறந்து, அந்த ஐஸ் முடிச்சை அக்குளில் வைத்துக்கொண்டார். "ஐயோ, ஐயோ" என்று முனகிக்கொண்டே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இளகின முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். அதற்குள் கொட்டகைக்குள் இருட்டு. வானத்தில் சூரியனும் இல்லை, அது போன தடமும் இல்லை.

"பொழுது போயிட்ச்சாங்க?" என்றேன். பல் உடைந்ததால் காற்றுதான் அதிகம் வந்தது.

அவர் எழுந்து வெளியே போய்க் கையை விரித்துப் பார்த்தார். "வெளிய வா. கைரேகை தெரியற வரைக்கும் பகல்தான்னு எங்கம்மா சொல்லுவாங்க. தெரியுது பாரு."

தெரிந்தது. எங்கள் ஊராக இருந்தால் அந்நேரம் இருட்டியிருக்கும். இங்கே தரையெல்லாம் பனி கிடந்து, வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தது. எங்களைக் கவிழ்த்த அதே பனிதான். அவர் இடது கையை விரித்து ரேகையைப் பார்த்துக்கொண்டே, வலது கையால் கல்லாகிப் போன புளியோதரையை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். நான் ஒரு பக்கமாக மென்றேன். அவர் உதட்டில் நிறம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே தின்ற அந்தச் சோற்றைப் போல ருசியாக நான் இதுவரை எதையும் சாப்பிட்டதில்லை.

ரேகை மறைந்தது. அவர் தூக்கை மூடினார். அப்போது மேகம் விலகி, கீழே ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் விடுதி! கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இவ்வளவு நேரம் அதன் தலைக்கு மேலே உட்கார்ந்துதான் வீரமரணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். டார்ச்சும் கம்பளியுமாக எங்களைத் தேடக் கிளம்பிக்கொண்டிருந்த விடுதிக்காரர் எங்களைக் கண்டதும் சூடாக டீ நீட்டினார். என் கணவர் அதைத் தொடவில்லை. (நான் குடித்தேன். எனக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது.)

ஊருக்கு வந்ததும், ரேகைக் கணக்கு செல்லுமா என்று மாமியாரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "எம்புள்ள பட்டினி கெடக்கலையே, அது போதும். அது சரி, ஒன் பல்லு இன்னாடி ஆச்சி?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். இன்று வரை விடவில்லை. வீட்டில் யாராவது தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்தால் கையை விரித்து ரேகை பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. கட்டின பல்லைக் காட்டி நான் சிரிக்கும்போதெல்லாம் புது விருந்தாளி எவராவது கதை கேட்பார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார்:

"அந்த மலை முழுக்கத் தேடிப் பாத்துட்டேங்க. ஒரே ஒரு கொரங்குதான் இருந்துது. அதுவும் சோத்து மூட்டைய அவுக்கத் தெரியாம பல்ல ஒடச்சிக்கிச்சி."