பூட்டுக்காரரின் உள்ளிருப்புப் போராட்டம்

"என் பொணத்து மேல ஏறித்தான் யோகா இந்த அறைக்குள்ள வரணும்!" என்று சனிக்கிழமை காலையில் பூட்டுக்காரர் முழங்கினார்.

"பொணமும் யோகாவுல ஒரு ஆசனம்தாங்க. கடைசியில வரும். அவசரப்படாதீங்க" என்றாள் மனைவி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

வீட்டின் கடைசி அறைதான் சண்டைக்குக் காரணம். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், வாசலுக்கு நேர் எதிரே ஒரு இரும்பு பீரோ, மூலையில் பெட்டி நிறையப் பழைய பூட்டுகள். கடையிலிருந்து கொண்டுவரும் முரட்டுப் பூட்டுகளை அவர் மடக்குவது இங்கேதான். உலகத்தில் அவர் சொன்னதைக் கேட்கும் ஜீவன்கள் அந்தப் பூட்டுகள் மட்டுமே. நேற்று அவர் கடையில் இருந்தபோது எலக்ட்ரீஷியன் வந்து, அந்த அறைச் சுவரில் இரண்டு வெள்ளைப் பலகைகளை மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"இது என்ன, ஒண்ணுமே எழுதாத அறிவிப்புப் பலகை?"

"இன்ஃப்ராரெட் ஹீட்டர். மாடி வீட்டு யோகா டீச்சர் சொன்னாங்க. வெயில்ல நிக்கிற மாதிரி, காத்தைச் சூடாக்காம நேரா உடம்பைச் சூடாக்குமாம். இறுகின சதை இளகுமாம். மூட்டு லேசாகுமாம். ராத்திரி நல்லாத் தூக்கம் வருமாம்."

"எல்லாம் 'மாம்'லயே முடியுதே. எதையாவது நீ கண்ணால பாத்தியா?"

"அது கண்ணுக்குத் தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாத சூடா? அது நமக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல இருக்கே!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை. மனதுக்குள் மனைவியை 'மேலிடம்' என்றுதான் அவர் அழைப்பார். மேலிடம் சிரிக்காவிட்டால் ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"பத்து மணிக்கு டீச்சரும் எதிர்வீட்டு அம்மாவும் வராங்க. ஸ்டூலைத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க. இல்ல, நீங்களும் எங்களோட செய்யறதுன்னா செய்யுங்க."

"நானா? என் உடம்புக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அந்த 'ஒண்ணுமில்ல' அவர் இடுப்பில் போய்க் குத்தியது. குத்துவதற்கு அங்கே ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது.

கதவுப் பூட்டு இடுப்பு உயரத்தில் இருக்கும், நின்றபடியே பார்த்துவிடலாம். ஷட்டர் பூட்டு தரையில் இருக்கும். குனிந்து, மண்டியிட்டு, சில நேரம் கன்னம் தரையில் படப் படுத்துத்தான் பார்க்கவேண்டும். சில மாதங்களாக அவரால் குனிய முடியவில்லை. பாதி குனிந்ததும் முதுகு பிடித்துக்கொள்ளும். போன வாரம் மருந்துக்கடைக்காரர் தன் ஷட்டர் சிக்கிக்கொண்டது என்று ஓடிவந்தபோது, "ஷட்டரெல்லாம் இப்ப நான் பாக்கறதில்ல" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவன் தன் இடுப்புக்குச் சாவி தெரியாமல் நிற்கிறானே, குனிய முடியாத பூட்டுக்காரன் இன்னும் எத்தனை நாள் பூட்டுக்காரன்? இதை வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. முடியாமல் போனதைவிட, முடியவில்லை என்று சொல்வதுதான் அவருக்குப் பெரிய வலியாக இருந்தது.

ஆகவே போராட்டம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டார். அவரே பொருத்திய பூட்டு. சாவியை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுத் திறக்கலாம். சாவியைத் துவாரத்திலேயே விட்டுவைத்தால், கதவுக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து, குச்சியால் சாவியைத் தள்ளி, தாளோடு வெளியே இழுத்துவிடலாம். அந்த வித்தையை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்த மகானுபாவர் அவரேதான். எனவே முன்யோசனையாகச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். மேஜைமேல் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீரும் மடித்த துண்டும் இருந்தன. அதிர்ஷ்டம் தன் கட்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

"உள்ளயா இருக்கீங்க?"

"உள்ளதான் இருப்பேன்! இது உள்ளிருப்புப் போராட்டம்!"

"கோரிக்கை என்னங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "அதை அப்புறம் சொல்றேன்!"

"சரி, சுவிட்ச் வெளிய இருக்கு" என்றது மேலிடம். டக்கென்று ஒரு சத்தம்.

"போடு, போடு! இந்தப் பலகைக்கெல்லாம் பயந்தவன் நான் இல்ல!"

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மாலை வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது போல ஒரு இதம். அதை இதம் என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் சட்டையைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார். சூடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது. நெற்றியில் ஊறிய வேர்வை மூக்குக்கு வந்து, மூக்கிலிருந்து கைக்குச் சொட்டியது. ஈரக்கையிலிருந்து சாவி நழுவியது. விழுந்த சாவி காலடியில் கிடந்திருக்கலாம். அது அவருடைய சாவி. எனவே வழுக்கிக்கொண்டு பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்தது.

கூப்பிட்டால் கதவை உடைத்தாவது திறப்பார்கள். ஆனால் போராளி எதிரியிடமா சாவி கேட்பான்?

அதே நேரம் கூடத்திலிருந்து யோகா டீச்சரின் குரல் கேட்டது.

"மெதுவா மூச்சை விட்டுக்கிட்டே குனியுங்க. முழங்கால் மடங்கினாலும் பரவாயில்ல. எங்க முடியுதோ அங்க நில்லுங்க."

பூட்டுக்காரர் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே குனிந்தார். டீச்சர் சொன்னதற்காக அல்ல. சாவி கீழே இருந்தது, அவ்வளவுதான். பிடித்துக்கொள்ளும் இடம் வந்தது. பிடிக்கவில்லை. அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"இப்ப ரெண்டு முட்டியையும் தரையில வைங்க. கையை ஊனுங்க. பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்குங்க."

வேறு யாருக்கோ சொல்கிறார்கள். தனக்கு அதனால் என்ன? ஆனால் பீரோவுக்கு அடியில் பார்க்க, பூனை மாதிரி நிற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. முதுகு ஏறி இறங்கியது. நெடுநாள் எண்ணெய் காணாத பூட்டில் முதல் தடவை சாவி திரும்பும்போது விரலுக்குத் தெரியுமே ஒரு இளக்கம், அது தெரிந்தது.

"அப்படியே உடம்பைத் தாழ்த்தி, வலது கையை முன்னால நீட்டுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆ... இடது பக்கமா!"

கன்னம் தரையில் பட்டது. விரல் நுனியில் சாவி பட்டது. கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா எதையோ சாதித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டார். உடனே எழுந்திருக்கவில்லை. பீரோவின் அடிப்பூட்டு அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. எத்தனை மாதமாயிற்று, ஒரு பூட்டை இப்படித் தரையிலிருந்து பார்த்து! ஷட்டரும் இதே உயரம்தான். கண்ணில் வந்தது வேர்வை என்று முடிவு செய்து துண்டால் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்தார். இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்து, வெற்றுடம்பும் ஆவியுமாக வெளியே வந்தார்.

"பாத்தியா! உன் சூடு என்னை ஒண்ணும் பண்ண முடியல!"

கூடத்தில் ஒரு பாய்கூட விரிக்கப்படவில்லை. டீச்சரும் எதிர்வீட்டு அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் மேலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. மனைவி கதவோரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கண்ணைச் சுற்றிச் சாவித் துவாரத் தகட்டின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

அது அவரே பொருத்திய தகடு. அவரே சாவியை உருவி, அவரே திறந்துவைத்த துவாரம்.

"நீ... உள்ள பாத்துக்கிட்டா இருந்தே?"

"நான் பாத்துச் சொன்னேன். டீச்சர் அதுக்குத் தகுந்த மாதிரி சொன்னாங்க. எதிர்வீட்டு அம்மா கைதட்டினாங்க" என்றாள் மனைவி. "வாங்க, செய்யலாம்னு கூப்பிட்டா வருவீங்களா? போகச் சொன்னாத்தானே உள்ள உக்காருவீங்க. உக்காந்தா சூடாவது படுமேன்னு பாத்தோம். சாவி விழுந்தது எங்க அதிர்ஷ்டம்."

பூட்டுக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் டீயைப் பார்த்தார்.

"மருந்துக்கடைக்காரர் வழியில பாத்துச் சொன்னார்" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "உங்க வீட்டுக்காரர் இப்ப ஷட்டர் பாக்கறதில்லையாமேன்னு. திங்கட்கிழமை நீங்க வந்து பாப்பீங்கன்னு அவர்கிட்ட சொல்லட்டுமா?"

அவர் கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லு" என்றார். உடனே இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அது முழு நிமிர்தல். "ஆனா இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே! என் அறை என் அறைதான்! நாளைக்கும் போராட்டம் தொடரும்!"

"தாராளமாத் தொடரட்டுங்க. பத்து மணிக்கு சுவிட்சைப் போட்டுடறேன்" என்று டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தது மேலிடம். "சாவியைக் கீழ போட மட்டும் மறந்துடாதீங்க."