ராஸ் எல்பரில் தனித்தனி அறைகள்

முன்பெல்லாம் எனக்காக ஓட்டத்தின் நடுவிலேயே நின்றவர், இப்போது சும்மா நடக்கும்போதுகூட நிற்பதில்லை.

பேருந்திலிருந்து இறங்கியதும் கணவர் ஷுக்ரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே விடுதியை நோக்கி நடந்த நஜ்லா இப்படித்தான் நினைத்தாள். மனதுக்குள் ஒரு வாக்கியத்தையும் தயாராக வைத்திருந்தாள். ‘அடுத்த வருஷத்திலிருந்து நான் வரவில்லை, நீங்கள் மட்டும் ஓடுங்கள்.’ நாளை, வெள்ளிக்கிழமை, ஓட்டம் முடிந்ததும் அதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். இருபத்தேழு வருஷமாக இந்த ராஸ் எல்பர் கடற்கரைக்கு, வருஷா வருஷம் நடக்கும் ஓட்டத்தில் ஓட வருகிறார்கள். கெய்ரோவிலிருந்து வந்த வழி முழுக்க அவர் பேசியது ஒரே விஷயம்தான்: ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார்.

வரவேற்பு மேசையில் இன்ஷிராஹ் என்ற பெண்மணி இருந்தாள். அவள் மூக்குக் கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. இருவருடைய அடையாள அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஷுக்ரியின் அட்டையில் ‘திருமணமானவர்’ என்றிருந்தது. நஜ்லாவின் அட்டையில் ‘திருமணமாகாதவர்’.

அது சோம்பலால் வந்த வினை. அட்டையைப் புதுப்பிக்க ஒரு வரிசை, அந்த ஒரு சொல்லை மாற்ற இன்னொரு வரிசை. ஒவ்வொரு முறையும் முதல் வரிசையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதிலும் அரசாங்கத்தின் கணக்கில் நஜ்லா கன்னிப்பெண்.

"திருமணச் சான்றிதழ் இருக்கா மேடம்?"

"எங்களைப் பாத்தா தெரியலையா?"

"தெரியுது. ஆனா பாத்தா தெரியுதுன்னு எழுத இந்த நோட்டுல இடம் இல்லையே."

ஷுக்ரி சண்டைக்கு இறங்குவார் என்று நஜ்லா எதிர்பார்த்தாள். ஒரு கிலோ தக்காளிக்காக அரை மணி நேரம் வாதாடுகிற மனிதர் அவர். இப்போது சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். இதற்குக்கூட வாய் திறக்க மாட்டாரா?

அவளே கெய்ரோவிலிருந்த மகள் யாராவை அழைத்தாள். யாரா எல்லா இழுப்பறைகளையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சான்றிதழ் எங்குமே இல்லை என்றாள். வேறு வழியில்லாமல் கல்யாணப் புகைப்படம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பினாள்.

இன்ஷிராஹ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். "பொண்ணு நீங்கதான், சந்தேகமே இல்ல. மாப்பிள்ளை யாரு? இவருக்கு இவ்வளவு முடி இருக்கே."

"அது நான்தான்" என்றார் ஷுக்ரி, தலையைத் தடவியபடி.

"போன முடிக்கு நான் எப்படி சாட்சி சொல்றது டாக்டர்?" ஷுக்ரி மருந்துக்கடைக்காரர், எல்லோருக்கும் டாக்டர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் வஹீத் உள்ளே நுழைந்தார். கெய்ரோவில் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், மூன்று வருஷமாக இந்த ஓட்டத்தில் அவர்களைப் பார்ப்பவர். நஜ்லா ஓடிப்போய் அவரை மேசைக்கு அழைத்து வந்தாள். எங்களைத் தெரியும் என்று இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள்.

"ஏன் தெரியாம? டாக்டர் ஷுக்ரி, அவரோட தங்கச்சி."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் இருவர் முகத்தையும் பார்த்தார். தப்பாகிவிட்டது என்று புரிந்து, அதைச் சரிசெய்ய முயன்றார்.

"இல்ல, ஒருத்தர் முன்னாடி போவாரு, இன்னொருத்தங்க பின்னாடி வருவாங்க. ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்க. புருஷன் பொண்டாட்டின்னா சண்டையாவது போட்டிருப்பீங்களேன்னு நெனச்சேன்."

இன்ஷிராஹ் பேனாவைக் கீழே வைத்தாள். இப்போது ஓர் அட்டை கன்னி என்கிறது, ஒரு படம் மனைவி என்கிறது, ஒரு சாட்சி தங்கை என்கிறார். மூன்றில் எதற்கும் ஒரே அறை தர முடியாது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நஜ்லாவால் முடியவில்லை. கேப்டன் பார்த்தது உண்மையைத்தானே என்றிருந்தது.

நஜ்லாவுக்குக் கடலைப் பார்த்த அறை, இரண்டாம் மாடியில், பெண்களும் குடும்பங்களும் தங்கும் பகுதியில். ஷுக்ரிக்குக் கீழே, சமையலறைக்குப் பக்கத்தில். இருப்பதோ ஒரே பெட்டி. அதை வரவேற்பறைக் கம்பளத்திலேயே திறந்து, அவருடைய முழங்கால் பட்டையையும் அவளுடைய இரவு உடையையும் ஊரறியப் பிரித்தார்கள். அந்த அவசரத்தில் அவருடைய ஓட்டக் காலணியில் ஒன்று அவளோடு மாடியேறிவிட்டது. அவளுடையதில் ஒன்று கீழேயே தங்கிவிட்டது.

அவர் மாடிப்படியில் கால் வைத்தபோது இன்ஷிராஹ் இருமினாள். அவர் காலை எடுத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பால்கனிக்குக் கீழே யாரோ கனைத்தார்கள். நஜ்லா எட்டிப் பார்த்தாள். ஷுக்ரி மணலில், அவளுடைய காலணியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கெய்ரோ வீட்டில் காய்கறிக்குக் கூடை இறக்குவது போல, குளியலறை வாளியைத் துணி காயும் கயிற்றில் கட்டி இறக்கினாள். அவருடைய காலணி கீழே போனது. அவளுடையது மேலே வந்தது, கூடவே ஒரு பொட்டலம் முஷப்பக், ஜிலேபி மாதிரியான இனிப்பு. சுடச்சுட, பாகு கசிந்து காகிதம் ஈரமாகியிருந்தது.

"மேல முராத் அண்ணன் இல்லையே?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். நிச்சயமாகியிருந்த வருஷம் அவள் குடும்பம் இதே கரையில் ஒரு பாய்க்குடிசையில் தங்கியிருந்தது, அவர் நண்பர்களோடு வேறொன்றில். தனியாகப் பார்த்துக்கொள்ள அனுமதியில்லை. ஓட்டத்தில் சேர்ந்து ஓட மட்டும் அனுமதி, அதுவும் அண்ணன் முராத் சைக்கிளில் பின்னால் வர. இருவர் தோளும் நெருங்கினால் மணியடிப்பான். பத்துக் கிலோமீட்டரும் மணியடித்தே வந்தான்.

விடுதிக் காவலாளி வந்து, பெண்கள் பகுதிக்குக் கீழே நிற்கக் கூடாது, நீங்கள் அந்த மேடத்துக்கு யார் என்று ஷுக்ரியைக் கேட்டான்.

"இன்னும் முடிவாகல" என்றார் அவர்.

இருட்டும்வரை பேசினார்கள். மாடிக்குக் கேட்க வேண்டுமென்றால் முழு வாக்கியமாகப் பேச வேண்டியிருந்தது. ‘ம்’ என்றால் கீழிருந்து மேலே வராது. யாராவின் வேலை, கடையின் வாடகை, அவள் ரகசியமாகப் படிக்க ஆரம்பித்திருந்த இத்தாலிய மொழி. கடைசியாக அவர் முழங்காலைப் பற்றிச் சொன்னார்.

"மூணு வருஷமா வலி. நான் முன்னாடி ஓடினது வேகத்தால இல்ல நஜ்லா. உன் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிட்டா நிம்மதியா நொண்டலாமே."

நஜ்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக அந்த முதுகைப் பார்த்து அவள் என்னென்னவோ படித்திருந்தாள். இந்த ஒன்றை மட்டும் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தொடக்கக் கோட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். ஓட்டம் தொடங்கிய பிறகும் பக்கத்திலேயே இருந்தார், வெளிப்படையாக நொண்டிக்கொண்டு. நைல் கடலில் சேரும் முனைக்குப் போவதற்குள் ஊரே அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டியவர்களில் கேப்டன் வஹீதும் ஒருவர். அண்ணனும் தங்கையும் இன்றைக்கு ரொம்ப ஒற்றுமை என்று சொல்லிவிட்டு, அடி விழுவதற்குள் வேகமெடுத்தார்.

முடிவுக் கோட்டில் பந்தலையே பிரித்துக்கொண்டிருந்தார்கள். நஜ்லா தான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தேடினாள். ‘அடுத்த வருஷத்திலிருந்து’ என்பது வரை கிடைத்தது. மிச்சம் வரவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் ஷுக்ரி முழங்காலுக்குப் பனிக்கட்டி கேட்கச் சமையலறைப் பக்கம் போனார். இன்ஷிராஹ் நஜ்லாவை மேசைக்குக் கூப்பிட்டாள். இழுப்பறையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள். பழுப்பேறிய திருமணச் சான்றிதழ், இருவருடைய படங்களோடு.

"இதுக்கு மேல என்னால நடிக்க முடியல மேடம். இவ்வளவு நரைச்ச ஜோடிகிட்ட நான் என்னிக்கும் சான்றிதழ் கேட்டதே இல்ல. டாக்டர்தான் போன வாரமே இதை எனக்கு அனுப்பி, கண்டிப்பா கேளுங்க, எவ்வளவு கெஞ்சினாலும் ஒரே அறை குடுக்காதீங்கன்னு சொன்னாரு. இப்ப உங்க பெட்டிய அவர் அறைக்கு மாத்தச் சொல்லட்டுமா?"

நஜ்லா அந்தக் காகிதத்தை மறுபடி மடித்தாள். இழுப்பறைக்குள் வைத்து, சத்தம் வராமல் மூடினாள்.

"வேண்டாம்" என்றாள் மெதுவாக. "நாளைக்கு நாங்க கிளம்பற வரைக்கும் எங்களை நம்பாதீங்க."