மைக்கு சார் மைக்கை அணைத்த நாள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு, முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். ஆனாலும் மைக்கு சாரைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். மாட்டிடமே மைக்கில் பேசிய மனிதர் இந்தக் காவேரிச் சீமையில் அவர் ஒருத்தர்தான்.

கால்நடைக் கல்லூரியில் பேராசிரியர். கிளாஸில் பிள்ளைகளுக்குச் சொல்வது போதாதென்று, ஊர் ஊராக வந்து மாடு வைத்திருப்பவர்களுக்கும் பேசுவார். ஸ்கூட்டரில் வருவார். தோளில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக். பேச்சு முடிந்தாலும் மைக்கை விடமாட்டார். "ஒரு டம்ளர் தண்ணி கொடுங்கம்மா" என்று அவர் கேட்டால், வாய்க்காலுக்கு அக்கரையில் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் ஒரு நாள் மூடிக் கிடந்தபோது, சும்மா நிற்பானேன் என்று அங்கேயே மடிநோயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். கேட் திறந்த பிறகும் பஸ் டிரைவர் வண்டியை எடுக்காமல், "சார், கன்னுக்குட்டிக்குக் கழிச்சல்னா என்ன பண்றது?" என்று கேட்டாராம். இது நான் பார்த்ததல்ல, சொல்லக் கேட்டது.

அப்படிப்பட்டவர் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு வருகிறார் என்று ஒரு நாள் சேதி வந்தது. சொசைட்டி செகரட்டரி வீடு வீடாக வந்து சொன்னார்: "எல்லாரும் அவங்கவங்க மாட்டுப் பாலு ஒரு டம்ளர் கொண்டாந்துடணும். சார் சோப்புத்தூள் தண்ணிய ஊத்திப் பார்ப்பாரு. மடியில நோவு இருந்தா பாலு சளி மாதிரி கட்டிக்குமாம்."

கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுப் பட்டம்மா கேட்காமலே சொன்னாள்.

"அப்புறம் சொசைட்டியில பாலு எடுக்க மாட்டாங்களாம்க்கா. பேரையே அடிச்சிடுவாங்களாம்."

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருப்பது செவலைப் பசு ஒன்றுதான். அவள் கறக்கிற பாலில்தான் என் அடுப்பு எரிகிறது. அந்தச் செவலைக்குக் கொஞ்ச நாளாகவே பின்பக்கத்து வலது காம்பில் பால் தண்ணியாக வந்தது. தொட்டால் காலைத் தூக்கினாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் சொசைட்டிக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் மடியே போய்விடும். மடி போன மாடென்று தெரிந்தால் மாட்டுத் தரகர் வாசலுக்கு வந்துவிடுவார். இதையே நினைத்துக்கொண்டு சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டேன்.

சார் வந்த அன்று காலையில் பட்டம்மா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போனாள்.

"என்னாடி அது?"

"சத்தம் போடாதீங்கக்கா. பாக்கெட் பாலு. இத ஊத்தினா எப்படிக் கட்டும்? நீங்களும் ஓடிப்போயி வாங்கிடுங்க."

ஓடினேன். கடைக்காரர் காலிப் பெட்டியைக் காட்டினார். "என்னக்கா, ஊர்ல உள்ள மாடெல்லாம் ஒரே நாள்ல வத்திப் போச்சா? எனக்கு டீ போடக்கூட ஒரு பாக்கெட் இல்ல!"

வேறு வழியில்லை. செவலையைக் கறந்து, அந்தப் பாலையே எடுத்துக்கொண்டு போய், சொசைட்டிக் கூடத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

மைக்கு சார் வணக்கம் சொன்னதில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தே போய்விட்டன. டம்ளர்களை வாங்கி வாங்கி, ஒரு குழித்தட்டில் ஊற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு ஆட்டினார். செகரட்டரி கொண்டுவந்த பால் கட்டவில்லை. பட்டம்மாவுடையதும் கட்டவில்லை. எவருடையதும் கட்டவில்லை. ஊரே சந்தோஷமாக இருக்க, சார் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது. ஒரு டம்ளரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, பாலு ஜில்லுன்னு இருக்கு? உங்க ஊர்ல மாட்டை ஃபிரிட்ஜுக்குள்ளயா கட்டி வெச்சிருக்கீங்க?"

மைக்கில் கேட்டார். செகரட்டரி தரையில் எதையோ தேடினார்.

"வெதுவெதுன்னு ஒண்ணாவது இருக்கா?"

பட்டம்மாவின் விரல் தூண் பக்கம் நீண்டது. பாவி!

டம்ளரை நீட்டும்போதே பாதிப் பால் புடவையில் கொட்டியது. மிச்சத்தை வாங்கி ஊற்றி ஆட்டினார். கட்டியது. கொஞ்சநஞ்சமாகவா? முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி குழியின் நடுவில் கூடி நின்றது. அத்தனை தலைகளும் எட்டிப் பார்த்தன. தரகர் செவலையின் கயிற்றை அவிழ்ப்பதே என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது சார் மைக்கை அணைத்தார். அந்த 'டக்' சத்தத்தில் கூட்டமே திடுக்கிட்டது. தூணுக்குப் பின்னால் வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எந்தக் காம்பும்மா?" என்றார்.

"பின்னால... வலதுங்க."

"வீங்கியிருக்கா?"

"இல்லீங்க. தொட்டா உதைக்குது."

"பயப்படாதீங்க. ஆரம்பத்துலயே பார்த்துட்டோம், காப்பாத்திடலாம்."

"சொசைட்டியில... பேரு..."

"யாரும் அடிக்க மாட்டாங்க. குணமாகற வரைக்கும் பால ஊத்த வேணாம், அவ்வளவுதான்."

நான் தலையை ஆட்டியதும் மைக்கைத் திரும்பப் போட்டார். "இந்தக் கூட்டத்துல மாடு வெச்சிருக்கறது இந்த அம்மா ஒருத்தங்கதான்! மத்தவங்கல்லாம் பாக்கெட் வெச்சிருக்கீங்க! போங்க, நெசப் பால கறந்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்!"

போய்க் கறந்து வந்தார்கள். பட்டம்மாவுடையது கட்டியது. "என் லெச்சுமிக்கும் கட்டிக்கிச்சுக்கா!" என்று, என்னவோ பரிசு விழுந்த மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். செகரட்டரியுடையதும் கட்டியது. அதற்கப்புறம் யார் பேரை யார் அடிப்பது?

கையோடு சார் செவலையைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்தார். "செவலை, கால தூக்காம நில்லும்மா!" என்று மைக்கில்தான் கேட்டுக்கொண்டார். விட்டாள் ஒரு உதை. வாளி உருண்டது. "பேச்சு கேக்கற மூடு இல்ல போலருக்கு" என்றார், அதையும் மைக்கில்.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து போட்டார். ஆறும்வரை சார் கல்லூரிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, "காம்பு எப்படிம்மா இருக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். ஆனால் அவர் வரத் தாமதமானால் வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

காம்பு பிழைத்துவிட்டது. இப்போதும் செவலை நாலு காம்பிலும் கறக்கிறாள்.

இதில் தப்பு இருக்கும். சோப்புத்தூள் விவகாரம், ரயில்வே கேட் கதை எல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். சார் மைக்கை அணைத்ததை மட்டும் தொட வேண்டாம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.