கந்தப்பனுக்குக் கிடைத்த மன்னிப்பு

கந்தப்பனின் மன்னிப்பு மனு கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பதுளையில் அதை எழுதிக் கொடுத்த லத்தீப், கூட வந்த கடிதத்தைப் படித்தார்.

"குற்றமே செய்யல்லன்னு எழுதினா மன்னிக்க ஏலாதாம். மன்னிக்க ஒரு குற்றம் வேணுமாம்."

"நான் என்னங்க செஞ்சேன், லத்தீப் நானா? செத்துப்போன தங்கச்சி மொகத்தப் பாக்கத்தானே போனேன்?"

அது 1952இல் நடந்தது. தங்கை வாழ்க்கைப்பட்டது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அந்தத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி கேட்காமல் நுழைந்ததற்கு ஒரு மாதம் ஜெயில். தொழிலாளர் லயத்து வாசலிலேயே பிடித்துவிட்டதால் முகத்தையும் பார்க்கவில்லை.

இப்போது 1968. பிரஜா உரிமைக்கு மனுப் போடும் காலம். ஜெயிலுக்குப் போனவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று நமுனுகுல லயங்களில் பேச்சு.

"பயப்பட வாணாம். இந்தத் தடவ கொஞ்சம் பெருசாவே ஒத்துக்குவோம்" என்றார் லத்தீப். 'வாயால் சொல்லக் கூசும் குற்றம் புரிந்த பாவி' என்று எழுதினார்.

மூன்றாம் வாரம் லயத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. வாயால் சொல்லக் கூசும் குற்றம் எது என்று வீடு வீடாக விசாரித்தார்கள். மகளுக்கு வெலிமடையில் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

"நடந்தத சொல்ல வேண்டியதுதானே?" என்று மனைவி வேலாயி அழுதாள்.

"சொன்னேன். இதுல கூச என்ன இருக்குன்னு அந்த இன்ஸ்பெக்டரே கேக்குறாரு."

மூன்றாவது மனுவில் லத்தீப் நடந்ததை மட்டும் எழுதினார். ஆறு மாதம் கழித்து மகாதேசாதிபதியின் மன்னிப்பு வந்தது. 'மேற்படி கந்தப்பன் பேரில் இனி எந்தப் பதிவும் இல்லை.'

அன்று மாலை, ஜெயிலை விட்டு வரும்போது பேரும் தேதியும் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கந்தப்பன் அடுப்பில் போட்டார். எரிந்து முடியும்வரை வேலாயி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மறுவாரம் பிரஜா உரிமைக் கந்தோரில், மன்னிப்புக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டினார்.

"உங்க பேர்ல எதுவும் இல்லேன்னு இருக்கு. நல்லது" என்றார் அதிகாரி. "இந்த நாட்டுல பல வருசமா இருக்கீங்கன்னு காட்ட பிறப்புப் பத்திரம்?"

"பதியலீங்க."

"தோட்டத்துப் பேரேடு?"

"பழசெல்லாம் கறையான் தின்னுருச்சாங்க."

"வேற ஒண்ணும் இல்லையா?"

கந்தப்பன் மன்னிப்புக் கடிதத்தையே மறுபடி நீட்டினார். அதிகாரி மனுவை மூடி, இந்தியாவுக்குப் போகிறவர்களின் மனுக் கட்டுக்குள் வைத்தார்.

வாசலில் நின்ற பியூன் மனம் பொறுக்காமல் அவர் காதருகே குனிந்தான்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே. போன வாரம் ஒருத்தர் பழைய ஜெயில் துண்டுச் சீட்டக் காட்டித்தான் பிரஜா உரிமை வாங்கிட்டுப் போனாரு."