சாமி இழுக்கிற நேரம்

முனியாண்டிச் சாமிக்குப் பற்ற வைத்த சிகரெட் யாரும் இழுக்காமல் தானாகவே எரிந்துகொண்டிருந்தது. பத்துமலைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு அவன் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிற வழியில் இருந்தது அந்தக் கோயில். தோட்டத்தை அழித்து வீடமைப்பு கட்டிவிட்டார்கள். ரப்பர் மரங்களோடு சேர்ந்து போக மறுத்தவர் முனி ஒருவர்தான். பூசாரி பிச்சைமுத்து சாயங்காலம் ஏழு மணிக்குச் சூடம் காட்டுவார், சாமியின் காலடியில் ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார், எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

"சாமி இழுக்கிற நேரம். ஆளு நிக்கக்கூடாது" என்பார்.

எரிந்துகொண்டிருந்தது பத்துமலையின் சொந்தச் சிகரெட். போன வாரம்தான் பாக்கெட்டோடு முனியிடம் ஒப்படைத்து, சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். "இனிமே சிகரெட் வாங்க மாட்டேன்." பக்கத்தில் நின்ற மனைவி குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படியே போனா மூக்குல குழாய், பக்கத்துல ஆக்சிஜன் தோங்குதான் அங்கிள்" என்று கிளினிக்கில் டாக்டர் ரோஷினி சொல்லியிருந்தாள்.

பத்துமலை சத்தியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். வாங்க மாட்டேன் என்றுதான் சொன்னான். இது வாங்கியதல்ல. பிரசாதம். பிரசாதத்தை வேண்டாமென்று சொன்னால் பாவம்.

பாவத்துக்குப் பயந்து இழுத்தான்.

சட்டைப்பையில் கைப்பேசி கணீரென்றது. "தஹ்னியா!" சிகரெட்டை விடுகிறவர்களை ஊக்கப்படுத்துவதற்காக மகள் ஏற்றிக் கொடுத்த செயலி. இன்றும் அவன் புகைக்கவில்லை என்று மலாயில் வாழ்த்து.

வீட்டில் குமுதா சாம்பல் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து, திருநீறு நிரப்பி, சாமி மேடையில் வைத்திருந்தாள்.

"ஏங்க, இதுலருந்து பூசிக்குங்க. எவ்ளோ பளபளன்னு இருக்கு பாருங்க!"

பூசிக்கொண்டான். ஆறிப்போன சாம்பல்தான். ஆனாலும் நெற்றியில் சுட்டது.

மறுநாளும் பிரசாதம். அதற்கு மறுநாளும். பிச்சைமுத்து திரும்பி வந்து பார்த்தால் பஞ்சு மட்டும்தான் மிச்சமிருக்கும். "ஒட்ட இழுத்துட்டாரு! சாமி ஏத்துக்கிட்டாரு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

இருமல் வந்தது. வாய் நாறாமலிருக்கப் பத்துமலை கிராம்பு மென்றான். சட்டை நாறாமலிருக்க நெஞ்சு முழுக்கக் கோடாலித் தைலம் தேய்த்தான். தைலத்தை மோந்ததும் குமுதாவுக்கு முகம் மாறியது.

"நெஞ்ச அடைக்குதாங்க?"

"இல்லலா, வெறும் காத்து."

"அதான் சிகரெட்ட விட்டுட்டீங்களே. பின்ன எதுக்கு இருமுது?"

"உள்ள இருக்கிற பழசு வெளிய வருது போல."

அவள் நம்பினாள். கட்டியவன் சொன்னதை நம்புவது அவளுடைய பழைய கெட்ட பழக்கம். அதை விடச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. "நாளையிலருந்து நானும் காலையில ஜோகிங் போறேன். ரெண்டு பேரும் நல்லா இருந்து பேரப்பிள்ளைய தூக்கணும்" என்றாள்.

பாக்கெட் தீர்ந்தால் நல்லபிள்ளையாகிவிடுவது என்று பத்துமலை முடிவு செய்திருந்தான். பாக்கெட் தீரவில்லை. காலியானது போய்ப் புதியது வந்திருந்தது, அவன் பிடிக்கிற அதே பச்சைப் பாக்கெட். ஊரெல்லாம் முனிக்குச் சுருட்டு வைக்கிறார்கள். இவருக்கு நம் ருசி தெரிந்திருக்கிறதே என்று பத்துமலைக்குப் பக்தி வந்தது. அடுத்த வாரம் ஊதுபத்தி போல இரண்டு எரிந்தன. பிறகு மூன்று. பாவத்துக்குப் பயந்தவன் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கிளினிக்கில் குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினான். டாக்டர் ரோஷினி திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"சிகரெட்ட விட்டப்புறம் மோசமாகிற ஆள இப்பத்தான் பார்க்குறேன் அங்கிள். வேற ஏதாச்சும் இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

"வேற ஏதாச்சும்னா?" என்றாள் குமுதா.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சட்டைப்பை பதில் சொன்னது. "தஹ்னியா!"

திரும்பும்போது குமுதா மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக அழுதாள். முதுகு நனைந்தது. சொல்லிவிடலாம் என்று பத்துமலை வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

"பேசாதீங்க. நெஞ்சு வலிக்கும்" என்றாள்.

அன்று மாலை முனியின் காலடியில் ஐந்து எரிந்துகொண்டிருந்தன. முதல் தடவையாக அவன் தொடவில்லை. சாலையைக் கடந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனான்.

"பிச்சைமுத்தண்ணே, சாமிக்கு சிகரெட் வெக்கிறத நிப்பாட்டுங்கண்ணே."

"ஏன்டா தம்பி?"

"சாமிக்கும் ஒடம்புன்னு ஒண்ணு இருக்குலா."

"எங்க தாத்தா காலத்துலருந்து இழுக்கிறாரு. ஒரு தரம் இருமி நான் கேட்டதில்ல."

"அப்ப வெக்கிற ஆளுகிட்டயாவது சொல்லுங்கண்ணே. யாரு அது? நானே போயி கால்ல விழுறேன்."

பிச்சைமுத்து கிளாஸை மேசையில் வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லுச்சு. ஒம் பொஞ்சாதிதான்டா. தெனம் காலையில நடந்தே வந்து, 'அவரு விட்டுட்டாரு, இருமல்தான் விட மாட்டேங்குது, அவரு பங்கையும் நீயே இழுத்துடு சாமி'ன்னு வெச்சிட்டுப் போவுது. நீ இரும இரும ஒண்ணு கூட்டி வெக்கிது, பாவம்."