ஐஸ் பெட்டிக்குள் குளவிக்கூடு

எது செத்தது, எது சாகவில்லை என்று பார்த்துச் சொல்வதற்காக எனக்கு ஒரு காலத்தில் மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்பதை ஈப்போவில், என் சின்னம்மா வீட்டு அடுப்படியில், இரண்டு குடும்பங்கள் நேரில் பார்த்தன.

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். உயிரணுக்களின் மேல் நீலச் சாயம் விடுவேன். செத்தது நீலமாகும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. என் பாஸுக்கு ஒரு பெரிய யோசனை இருந்தது. பெரிய குளவியான தெபுவானின் விஷத்தில் ஒரு குட்டிப் பெப்டைடு இருக்கிறது. பதினான்கு மணி கோத்த மாலை மாதிரி. அதில் ஒன்றிரண்டு மணியை மாற்றிக் கோத்தால், அது புற்றுநோய் உயிரணுவுக்குள் புகுந்து, அதற்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைக் கிழிக்கும். சக்தி போனால் உயிரணு சாகும். இதுதான் அவர் கனவு கண்ட மருந்து.

நான் லீவில் என் ஊரான சுங்காய்க்குப் போகிறேன் என்றதும், அங்குள்ள ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு கூடு கொண்டுவர முடியுமா என்று கேட்டார். தலையாட்டினேன். (வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புலி கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.)

அதே லீவில் என்னைப் பெண் பார்க்கவும் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளை ஞானராஜ், தைப்பிங்கில் அரசாங்க ஆபீஸ் கிளார்க். சந்திப்பு ஈப்போவில், சின்னம்மா வீட்டில்.

அன்று விடியற்காலைத் தூறலில், பால்மரம் வெட்டும் முனியாண்டி அண்ணன் புகை போட்டு, கூட்டைச் சாக்கோடு அறுத்து இறக்கினார். மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் நிரம்பிய பெட்டிக்குள் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"செத்துருச்சா, இல்ல தூங்குதா தங்கச்சி?"

"செத்துருச்சுண்ணே. எனக்கு அதான் வேலையே."

சாக்கை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரக் குளிரில் பூச்சி விறைக்குமே தவிர சாகாது என்பது அப்போது என் நினைவில் இல்லை. நான் பரீட்சையில் எழுதிய பதில் அது.

ஈப்போவில் பெட்டியை அடுப்படி மூலையில் வைத்துவிட்டுச் சேலை கட்டப் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரோஸ் சிரப் கொடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மா, "ஐஸ் கொஞ்சம் பத்தல. நீங்க ஒக்காருங்கக்கா, நானே எடுத்துக்கிறேன்" என்று சின்னம்மாவைத் தடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யேசுவே!"

பெட்டியில் ஐஸ் இல்லை. தண்ணீரும், அரை மயக்கத்தில் எழுந்த தெபுவான்களும்தான். ஏழெட்டு வெளியே வந்துவிட்டன. அவருக்குப் புறங்கையில் ஒரு கொட்டு. காப்பாற்ற ஓடிய அவர் கணவருக்குக் காதில் ஒன்று. அடுப்படி வாசலில் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்க, ஆறுதல் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க ஆண்ட்டி, கொட்டுன எடத்துல மட்டுந்தான் செல் சாகும்."

ஆண்ட்டி தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குள் வெளுத்த கால்சட்டை போட்ட ஞானராஜ் ஓடி வந்து பெட்டியின் மூடியை அறைந்து சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்தவற்றை மற்றவர்கள் துடைப்பத்தாலும் செருப்பாலும் அடித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அடியில் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதுலேருந்தா மருந்து வருது?"

"வரும்னு பாஸ் சொல்றாரு."

"எத்தன வருஷம்லா ஆகும்?"

"தெரியல."

"அதுவரைக்கும் நான் ஒக்காரணுமா?"

சித்தப்பா ராஃபியா கயிறு கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினார். (மலாயில் கயிற்றுக்குத் தாலி என்றுதான் பெயர். அன்று அந்த வீட்டில் கட்டப்பட்ட ஒரே தாலி அதுதான்.)

பெட்டியை மீன்கடை ஐஸ் அறையில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு கோலாலம்பூருக்குக் கொண்டுபோனேன். பாஸ் மகிழ்ந்தார். பிறகு எத்தனை மணிகளை மாற்றினாலும், அந்த மாலை நல்ல உயிரணுவையும் கெட்ட உயிரணுவையும் பேதம் பார்க்காமல் கொன்றது. மருந்து வரவில்லை.

தைப்பிங்கிலிருந்து கடிதம்தான் வந்தது. பெண் அதிகம் படித்தவளாக இருப்பதால் ஒத்துவராது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து ஞானராஜ் ஆய்வுக்கூட வாசலில் நின்றார். கையில் பால்மாவு டின்.

"அன்னிக்கு அடிச்சதுங்க. பொறுக்கி வெச்சேன். ஆராய்ச்சிக்குக் கொறையக் கூடாதுல்ல?"

ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். அவர் அம்மாவைச் சம்மதிக்க வைக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் எதைக் கொண்டுபோனாலும் மாமியார் வாசலிலேயே வைத்துத் தட்டிப் பார்ப்பார். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. இன்றும் கிறிஸ்துமஸுக்கு நான் கேக் டின்னோடு தைப்பிங் போனால், நாத்தனாரின் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து டின்மேல் காது வைக்கிறார்கள். "சத்தம் இல்ல, சாப்பிடலாம்லா" என்று பெரியவன் அறிவித்த பிறகுதான் என்னை மூடியைத் தொட விடுவார்கள்.